வைத்துவிட்டுப் போன திருடன்

தோகுரின் கழுத்தில் மரப்பலகையை மாட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. இன்று பொழுது சாய்வதற்குள் பலகைக்கு மேலே இருக்கும் பகுதி தனியாகப் போய்விடும் என்று சிங்கோர் பிரபு எங்களிடம் சொன்னார். மத்தியானம் என்ன சமையல் என்று சொல்வது போலத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே புளித்த குதிரைப்பாலை நீட்டினார்.

புகிதை அண்ணன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. பிரபுவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டுக்கிளிகூட நிழல் தேடும் கோடை வெயில். பிரபு கையுறை போட்டிருந்தார்.

"கை குளிருதுங்களா, பிரபு?" என்று நான் கேட்டேன்.

"பெரிய மனுஷங்க பழக்கம். உனக்குத் தெரியாது."

வாஸ்தவம். நான் பெரிய மனுஷி இல்லை. என் பெயர் அலகா. கானுடைய அத்தையம்மாவுக்கு இருபது வருஷம் உடுத்திவிட்டு, தலைவாரிவிட்டு, திட்டு வாங்கியவள். அந்த அம்மாள் காலமான பிறகு புகிதை அண்ணனோடு சேர்ந்துகொண்டேன். அவர் கான் தரப்பில் வழக்கு விசாரிப்பவர். அவர் கேட்கக் கூச்சப்படுவதைக் கேட்பது என் வேலை.

வழக்கு இதுதான். யாயிக் ஆற்றங்கரையில் சிங்கோர் வம்சத்துக்கு இரண்டு புதைமேடுகள். ஒன்று குன்று மாதிரி. பக்கத்திலேயே இன்னொன்று, கவிழ்த்த கொப்பரை மாதிரி. குன்று மாதிரி இருப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன தாத்தாவுடையது என்பது பிரபுவின் பேச்சு. அதன் பக்கவாட்டில் யாரோ குழி தோண்டிவிட்டார்கள். மேட்டுக்குக் காவல் தோகுர். காவல்காரன் இருக்கும்போது கல்லறை தோண்டப்பட்டால், தோண்டியவன் காவல்காரன். எங்கள் பக்கத்து நியாயம் அவ்வளவு சுலபம். காவல்காரனுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லையென்றால் இன்னும் சுலபம்.

அண்ணன் கூடாரத்துக்கு வெளியே வந்து தோகுர் முன்னால் குந்தினார். தோகுருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு கண்தான் தெரியும். அந்த ஒரு கண்ணால் எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"நீ எடுத்தியா?"

"இல்லீங்க."

"குழி தோண்டினப்ப எங்க இருந்தே?"

"பிரபு வீட்டு விருந்துல. ரெண்டு நாள் பகல் பூரா."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலை வெட்ட வந்திருந்த ஆள்கூட வாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கேட்டீங்களா?" என்றார் பிரபு. "நான், இவனை, விருந்துக்கு! பொய் சொல்றதுக்கும் ஒரு தகுதி வேண்டாமா?"

"என்ன போட்டாங்க விருந்துல?" என்றார் அண்ணன்.

"குதிரைத்தலை சூப்புங்க. காட்டு வெங்காயம் போட்டு. அப்புறம் ஐயா, அந்த மேட்டுல..."

"போதும், போதும்!" பிரபு நடுவே புகுந்தார். "முதல்ல குழியைப் பாருங்க. உள்ள இருக்கறதை ஒண்ணு விடாம எழுதணும். கானோட எழுத்தரை அதுக்குத்தானே வரவழைச்சிருக்கேன்?"

எழுத்தர் எதற்கு இவ்வளவு அவசியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் பன்னிரண்டு நாளில் கானுடைய பெருங்கூட்டம். அங்கே யார் எங்கே உட்காருவது என்பதில் போன வருஷம் பெரிய ரகளை. ஆளாளுக்கு 'என் தாத்தா யார் தெரியுமா' என்று ஆரம்பித்து, மூன்று பேருக்கு மூக்கு உடைந்தது. கான் வெறுத்துப்போய் ஒரு விதி போட்டார். பேச்செல்லாம் வேண்டாம், தாத்தா கல்லறையில் என்ன இருக்கிறதோ அதுதான் தாத்தா. இடைவாரில் ஒன்பது தங்கவில்லை இருந்தால் ஆயிரம் குடும்பங்களின் தலைவர், பேரன் கானுக்கு வலப்பக்கம். ஐந்து வில்லை என்றால் நூறு குடும்பம், பேரன் நடுவரிசை. வெறும் வார் என்றால் பேரன் கதவோரம், கழற்றிப் போட்ட காலணிகளுக்குப் பக்கத்தில். உட்காரும் இடத்துக்குத் தகுந்த மேய்ச்சல் நிலம்.

விதி நல்ல விதி. ஆனால் காரணமில்லாமல் கல்லறையைத் திறப்பது எங்களுக்கு மகாபாவம். அதனால் எல்லோருக்கும் தாத்தா இருந்தார், யாரிடமும் ஆதாரம் இல்லை. திருட்டுப் போனால் மட்டும்தான் கான் ஆள் வந்து உள்ளே பார்க்கலாம், எழுதலாம், முத்திரை குத்தலாம்.

சிங்கோர் பிரபு மூன்று தலைமுறையாகக் கதவோரம் உட்கார்ந்தவர்.

மேட்டுக்குப் போனோம். அண்ணன் குழிக்குள் இறங்கினார். நான் இறங்கவில்லை. பிணக்குழியில் கால் வைத்தவர்கள் இரண்டு தீக்கு நடுவே நடந்து, அடுத்த பிறை பார்க்கும்வரை எந்த விசேஷத்துக்கும் போகக்கூடாது. பத்து நாளில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். நான் போகாவிட்டால் தங்கை என்னையே இந்தக் குழியில் படுக்கவைப்பாள்.

"ஒரு இடைவார்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தங்கவில்லை ஒன்பது."

"எழுதுங்க!" பிரபு குதித்தார். "ஒன்பது! ஆயிரம் குடும்பத் தலைவர்!"

எழுத்தர் எழுதினார்.

"ஒரு வெள்ளிக் கிண்ணம்."

"கான் கையால கொடுத்தது! அதையும் எழுதுங்க!"

"கிண்ணம் அப்படிச் சொல்லுதா, பிரபு?" என்றேன்.

"நான் சொல்றேன்!"

"சேணம் ஒண்ணு. சேணப்படி ரெண்டு. குதிரைத்தலை ஒண்ணு, குளம்பு நாலு. தலைமாட்டுல பூர்ஜ மரப்பட்டையில செஞ்ச அம்பறாத்தூணி. அதுல அம்பு ஏழு."

"மாவீரர்!" என்று பிரபு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையுறையாலேயே துடைத்தார்.

அண்ணன் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "திருட்டுப் போனது என்ன, பிரபு?"

பிரபு இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. வானத்தைப் பார்த்தார். "ஒரு மோதிரம்."

"ஒன்பது தங்கவில்லையை விட்டுட்டு மோதிரத்தை மட்டும் எடுத்துட்டுப் போனானா?" என்றேன். "போதுமென்ற மனசுக்காரத் திருடன். இவன் தலையை வெட்டக் கூடாது. மந்திரியாக்கணும்."

வெட்டுக்காரர் "அப்ப சாப்பாடு எப்ப?" என்று கேட்டார். அவருக்கு அவர் கவலை.

அண்ணன் சாமான்களை ஒவ்வொன்றாக மேலே நீட்ட, எழுத்தர் பிரார்த்தனை முணுமுணுத்தபடி ஒரு கம்பளியில் பரப்பினார். சேணப்படியைத் திருப்பிப் பார்த்தேன். கால் வைக்கும் இடம் கண்ணாடியாகப் பளபளத்தது.

"உங்க தாத்தா குதிரையில ஏறவே இல்லையா, பிரபு?"

"என்ன திமிரு!"

"இல்லே, ஏறினா தேய்ஞ்சிருக்குமேன்னு கேட்டேன். ஒருவேளை ஆயிரம் குடும்பத்தையும் நடந்தே ஆண்டாரோ என்னவோ."

அண்ணன் குழியிலிருந்தே பேசினார். "அலகா, இந்த வார் எலும்பைச் சுத்தி இல்ல. எலும்புக்கு மேல கிடக்கு. கொடியில துணி போட்ட மாதிரி. முதுகுக்கு அடியில வாரே கிடையாது."

"படுத்தப்பறம் கழட்டி வச்சிருப்பார். வயித்துக்குச் சௌகரியமா இருக்கும்."

"இந்தா, இதைப் பிடி." குதிரைத்தலை மேலே வந்தது.

எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகும் குழந்தைகூடக் குதிரையின் வாயைப் பார்த்து வயது சொல்லும். வாயைப் பார்த்தேன். பல் என்று சொல்லிக்கொள்ள மூன்று இருந்தது, அதுவும் தாடையோடு தாடையாகத் தேய்ந்து. ஆண்குதிரைக்கு முளைக்கும் கோரைப்பல்லின் சுவடே இல்லை. பெட்டைக்குதிரை. மேலுலகத்துக்குப் போகும் மாவீரனுக்கு முன்னால் போக, மந்தையிலேயே உசத்தியான குதிரையைக் கொடுப்பதுதான் வழக்கம். இந்தக் கிழவி ஆறு தாண்டுவதற்குள் மாவீரன் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியிருக்கும்.

அப்போது மூக்கில் ஏதோ அடித்தது. மண்டையோட்டின் கண்குழியில் மூக்கை வைத்தேன். விரலை விட்டுத் துழாவினேன். பச்சையாக ஒரு நறுக்கு வந்தது.

"அண்ணே," என்றேன் மெதுவாக. "நாப்பது வருஷம் மண்ணுக்குள்ள இருந்த தலையில காட்டு வெங்காயம் இருக்கு. உப்பும் திட்டமா இருக்கு."

 "சமையல்கட்டுப் பக்கம் போய்ட்டு வா," என்றார் அண்ணன். "நான் அதுவரைக்கும் பிரபுகிட்ட வம்சாவளி கேட்டுக்கிட்டு இருக்கேன்."

வம்சாவளி கேட்டால் பிரபு சாயங்காலம்வரை நகரமாட்டார். எனக்கு நேரம் இருந்தது. தோகுருக்குத்தான் இல்லை.

சமையல்காரி எருவட்டியை அடுப்பில் எறிந்துகொண்டிருந்தாள். எறிந்த வேகத்திலேயே மனநிலை தெரிந்தது.

"என்னக்கா, வேலை ஜாஸ்தியா?"

"வேலைக்கென்ன. பல்லே இல்லாத கிழட்டுக் குதிரையைக் கொடுத்து விருந்து பண்ணுன்னா எவ பண்ணுவா? நாலு நாளைக்கு முன்னாடி அடுப்புல ஏத்துனேன். அது வெந்துச்சா நான் வெந்தேனான்னு எனக்கே தெரியல."

"தலையும் போட்டீங்களா?"

"தலைதான் சூப்பு. காட்டு வெங்காயம் போட்டு. அந்தக் காவக்காரன் தோகுர் மூணு கிண்ணம் குடிச்சான்."

"தோகுரா? இங்கயா?"

"இந்தா, இங்கதான் உக்காந்தான். ரெண்டு நாளும். பிரபுவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாராம். 'என்னையும் ஒரு ஆளா மதிச்சுட்டாங்கக்கா'ன்னு கண்ணு கலங்கிட்டான். அந்த ஒத்தக் கண்ணுல அவ்வளவு தண்ணி இருக்கும்னு நான் நினைக்கல."

"இதை யார்கிட்டயும் சொல்லலையாக்கா?"

"யாரு கேட்டா? சமையல்காரி சாட்சின்னா அந்த எழுத்தர் எழுதுவாரா?" இன்னொரு எருவட்டி பறந்தது. "பிரபு ரெண்டு நாளும் விருந்துக்குத் தலையக் காட்டிட்டு எங்கயோ போய்ட்டாரு. பொழுது சாய வந்தாரு, தலையெல்லாம் மண்ணு. கடைசி நாள் காலையில மண்டையோட்டை நாய்க்குப் போடப் போறேன், ஓடிவந்து பிடுங்கிட்டாரு. குளம்பு நாலும் இருக்கான்னு சரிபார்த்து வாங்கிட்டுப் போனாரு. நாய் வாயிலருந்து பிடுங்கற பிரபுவை நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

"இப்பத்தான் பாத்துட்டு வர்றேன்," என்றேன்.

அவளையும் கையோடு கூட்டிக்கொண்டு மேட்டுக்குத் திரும்பினேன். பிரபு வம்சாவளியில் ஏழாவது தலைமுறையில் இருந்தார். அந்த மூதாதையரை ஓநாய் வளர்த்ததாம். அண்ணன் குழி விளிம்பில் உட்கார்ந்து பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். தோகுரையும் பலகையோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

சமையல்காரி சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னாள். எழுத்தர் தயங்கினார். அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் எழுதிவிட்டார்.

"பிரபு," என்றார் அண்ணன், "கையுறையைக் கழட்டுங்க."

"மாட்டேன்."

"அலகா கழட்டுவா. அவ கழட்டினா தோலோட வரும்."

பிரபு கழற்றினார். கிண்ணத்தைவிடக் கனமாக எதையும் தூக்காத கை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், பாதி உடைந்து, பாதி உடையத் தயாராக.

"எடுக்கறதுக்காகத் தோண்டற திருடனை நான் முப்பது வருஷமாப் பாத்திருக்கேன்," என்றார் அண்ணன். "வைக்கறதுக்காகத் தோண்டின ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

பிரபு கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். பெருமூச்சு விட்டு, தோண்டிப் போட்ட மண்குவியலின் மேல் உட்கார்ந்தார்.

"எல்லாரும்தான்யா செய்றாங்க. தென்கரைக்காரன் அவனோட தாத்தாவுக்கு ஒன்பது வில்லை தைச்சு வச்சிருக்கான். அந்த ஆள் இன்னும் சாகக்கூட இல்ல! தினமும் காலையில 'எப்படி இருக்கீங்க'ன்னு விசாரிக்கிறான். மூணு தலைமுறை, விசாரணைக்காரரே. எங்க அப்பா கதவோரம் உக்காந்து ஊதக்காத்துலயே செத்தாரு. கறித்துண்டு எங்ககிட்ட வர்றதுக்குள்ள எலும்பாயிடும்."

"கஷ்டம்தான்," என்றேன். "அதுக்கு தோகுர் தலை எதுக்கு?"

"திருட்டுன்னா திருடன் வேணுமில்ல?" உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "இவன் தலை போனா கேக்க ஆளில்ல. என் இடம் போனா பேரன் பேத்தியெல்லாம் கேக்கும்."

பலகைக்கு மேலே தோகுரின் முகம் அசையவே இல்லை.

"ஆனா ஒண்ணு," பிரபு திடீரென்று நிமிர்ந்தார். "சாமானை நான் வச்சேன், சரி. மேட்டை நானா வச்சேன்? அதைப் பாருங்கய்யா! இருநூறு ஆள் பத்து நாள் மண் சுமந்திருக்கணும். சும்மா போறவனுக்கு இப்படி எழுப்புவாங்களா? என் தாத்தா பெரிய ஆள்தான். சாமான்ல மட்டும்தான் கஞ்சத்தனம் பண்ணிட்டாங்க."

இது நியாயமான கேள்வி. அண்ணன் தாடியைச் சொறிந்தார். அவருக்குப் பதில் தெரியாதபோது மட்டும் செய்யும் காரியம்.

"நீங்க தோண்டினப்ப உள்ள என்னதான் இருந்துச்சு?"

"உருப்படியா ஒண்ணுமில்ல. ஒரு வெண்கலக் கண்ணாடி, கத்தரிக்கோல், கொஞ்சம் முத்து. பாட்டி ஞாபகத்துக்கு வச்சிருப்பாங்க போல. மண்ணைப் போட்டு மூடிட்டேன். ஆயுதம்னு இருந்தது அந்த அம்பறாத்தூணி ஒண்ணுதான். அதுலயும் அம்பில்ல. ஏழு அம்பும் நான் வச்சதுதான்."

"இடுப்புல கட்டற சாமான் தலைமாட்டுல எப்படி வந்துச்சுன்னு காலையிலருந்து யோசிக்கறேன்," என்றார் அண்ணன். "அதனாலதான் அதை மட்டும் அசைக்காம விட்டேன்."

கண்ணாடி. கத்தரிக்கோல். முத்து. தலைமாட்டில் பூர்ஜ மரப்பட்டைக் குழல்.

"பிரபு, அம்பைச் செருகினப்ப அடியில இடிச்சுதா?" என்று கேட்டேன்.

"இடிச்சுது. ஏதோ கல்லு."

நான் குழிக்குள் குதித்துவிட்டேன்.

"அலகா! கல்யாணம்!" என்று அண்ணன் கத்தினார்.

கல்யாணம் போகட்டும். முழங்கால் போட்டு உட்கார்ந்து அந்தக் குழலைப் பார்த்தேன். மேலே அகன்று, சதுரமாக விரிந்து, பக்கவாட்டில் சிவப்புப் பட்டின் நைந்த நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் இறகு செருகும் சின்னக் குழாய். அடியில் அடியே இல்லை. கழுத்துப் பக்கம் ஒரு நாடாவின் மிச்சம், தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டபடி. இருபது வருஷம் தினமும் காலையில் இந்த முடிச்சை நான் போட்டிருக்கிறேன். கொஞ்சம் இறுகினால் அத்தையம்மா திட்டுவார், கொஞ்சம் தளர்ந்தால் அதைவிடத் திட்டுவார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

"பேய் பிடிச்சுடுச்சு," என்றார் வெட்டுக்காரர்.

"பிரபு," என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டு, "இது அம்பறாத்தூணி இல்ல. பொக்தா! பெரிய வீட்டுப் பொம்பளைங்க தலையில வைக்கற நெடுந்தொப்பி. நீங்க ஏழு அம்பைச் செருகியிருக்கறது உங்க பாட்டியோட தொப்பியில. அடியில இடிச்சுதே, அது கல்லு இல்ல. பாட்டியோட மண்டை."

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தரின் கையிலிருந்து எழுதுகோல் விழுந்தது.

அம்புகளை ஒவ்வொன்றாக உருவினேன். தொப்பியின் முன்பக்கம் மண்ணைத் துடைத்ததும் நகத்தளவு தங்கத்தகடு ஒன்று மின்னியது. அதில் ஒரு முத்திரை. என் சிரிப்பு அங்கே நின்றது.

"அண்ணே, இது கான் வீட்டு முத்திரை. அத்தையம்மா தொப்பியிலயும் இதேதான் இருந்துச்சு."

அண்ணன் எழுந்து நின்றார். பிரபுவைப் பார்க்கவில்லை. தோகுரைப் பார்த்தார்.

"இது யாரு கல்லறை?"

"எசுலுன் அம்மாவோடதுங்க," என்றான் தோகுர், தினமும் சொல்வதைச் சொல்வது போல. "பழைய கானோட கூடப்பிறந்த தங்கச்சி. எங்க அப்பாதான் முதல் காவல். அந்தம்மா குதிரைக்காரனோட ஓடிவந்துட்டாங்க. அண்ணன்காரர் பேச்சை விட்டுட்டாரு. செத்த செய்தி கேட்டுத்தான் வந்தாரு. மூணு நாள் அழுதாரு, இருநூறு ஆளை வச்சு மேடு எழுப்பினாரு. யார் மேடுன்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டுப் போய்ட்டாரு."

"அப்ப என் தாத்தா?" பிரபுவின் குரல் கீச்சென்று வந்தது.

தோகுர் பலகையோடு உடம்பைத் திருப்பி, கவிழ்த்த கொப்பரை மாதிரி இருந்த மேட்டைக் காட்டினான். "அவர் அங்க இருக்காருங்க. குதிரைக்காரர். தங்கமான மனுஷன். பொண்டாட்டி மேடு பெருசுன்னா வீட்டோட மாப்பிள்ளைன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு, பெரிய மேடு தன்னோடதா இருக்கப்போறதுன்னு உயிரோட இருக்கும்போதே புள்ளைங்ககிட்டச் சொல்லி வச்சுட்டாரு."

"இதையெல்லாம் காலையிலயே சொல்றதுக்கென்னய்யா?" என்றார் அண்ணன்.

"எடுத்தியான்னு கேட்டீங்க, இல்லன்னேன். எங்க இருந்தேன்னு கேட்டீங்க, சொன்னேன்." தோகுர் தயங்கினான். "உள்ள யாருன்னு எவரும் கேக்கலீங்களே. நாப்பது வருஷத்துல இப்பத்தான் கேக்கறீங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

பிரபுவுக்கு மட்டும் மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது. கணக்கு அவருக்கு இப்போதுதான் விளங்கியது. "அப்படின்னா... நான் கான் வீட்டு ரத்தம்! வலப்பக்கம் என்ன, கானுக்குப் பக்கத்து மெத்தையிலயே உக்காரலாம்!"

"உக்காந்திருக்கலாம்," என்றேன். "நீங்க அந்த மண்வெட்டியைத் தொடாம இருந்திருந்தா, தோகுர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா."

"இப்ப மட்டும் என்ன? எழுதுங்க எழுத்தரே! அரச வம்சம்!"

அண்ணன் கையைக் காட்டி எழுத்தரை நிறுத்தினார். "எழுதறதுக்கு முன்னாடி சட்டத்தைச் சொல்லிடறேன், பிரபு. அரச வீட்டுக் கல்லறையைத் தோண்டினவன் சாதாரண ஆளா இருந்தா நானே இங்க தீர்ப்புச் சொல்லிடலாம். எழுபத்தேழு அடி, அப்புறம் எனக்குத் தோணற வேலை. தோண்டினவன் அரச ரத்தமா இருந்தா கான்கிட்டக் கொண்டு போகணும். அங்க ஒரே தண்டனைதான். ஆனா மரியாதையான தண்டனை. அரச ரத்தம் மண்ணுல சிந்தக்கூடாது பாருங்க."

"அதனால?"

"கம்பளத்துல சுருட்டி மேல குதிரையை ஓட்டுவாங்க," என்றார் வெட்டுக்காரர், உதவிகரமாக. "ஒரு சொட்டு வெளிய வராது. உங்க கூடாரத்துல அந்த வெள்ளைக் கம்பளம் பாத்தேன். அருமையான கம்பளம்."

ஆற்றுப்பக்கமிருந்து காற்று வீசியது. பிரபு எழுத்தர் எழுதிக்கொண்டிருந்த ஆட்டுத்தோலைப் பார்த்தார். அதில் இன்னும் ஈரம் காயாத ஒன்பது தங்கவில்லையைப் பார்த்தார்.

"என்னன்னு எழுதட்டும்?" என்று எழுத்தர் கேட்டார்.

"குதிரைக்காரன் பேரன்," என்றார் பிரபு.

"சரியாக் கேக்கலீங்க."

"குதிரைக்காரன் பேரன்யா! சாணி அள்ளினவர் என் தாத்தா! அதையும் எழுதுங்க, சாணி! இந்தம்மாவுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல!" கொப்பரை மேட்டுக்கு ஓடி அதன்மேல் விழுந்து கட்டிக்கொண்டார். "இவர்தான் என் தாத்தா! ஒரு வில்லைகூடக் கிடையாது! வார் இருந்துச்சான்னே சந்தேகம்!"

எழுத்தர் ஒன்பதை அடித்தார். ஆயிரம் குடும்பத்தை அடித்தார். மாவீரரை அடித்தார். கடைசியில் அந்தத் தோலில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. முத்திரையும் குத்தினார்.

அடி எழுபத்தேழும் அன்றைக்கே முடிந்தது. முதலில் தாத்தாவுக்கு நாலு ஆடுதான் இருந்தது என்று கத்திய பிரபு, அடி ஐம்பதைத் தாண்டியதும் அதையும் இரண்டாகக் குறைத்துச் சொன்னார். அண்ணனுக்குத் தோன்றிய வேலை இது: மூன்று வருஷம் சிங்கோர் இந்த இரண்டு மேடுகளுக்கும் காவல் இருக்கவேண்டும், தோகுருக்குக் கீழே. பெருங்கூட்டத்தில் கதவோரத்து இடம் அப்படியே இருக்கும்.

நான் தொப்பியை நேராக வைத்தேன். கண்ணாடியையும் கத்தரிக்கோலையும் மண்ணிலிருந்து தேடி எடுத்து அந்த அம்மாவின் கைப்பக்கம் வைத்தேன். முடிச்சை மட்டும் தொடவில்லை. யாரோ ஒருத்தி நன்றாகப் போட்டிருந்தாள். கல்யாணத்துக்குப் போகமுடியவில்லை. தங்கை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

பலகையைக் கழற்றியதும் தோகுர் கழுத்தைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, தன் காவல் கோலை சிங்கோரிடம் நீட்டினான். கொப்புளக் கை அதை வாங்கத் தடுமாறியது.

"எடுக்க வர்றவனை நான் பாத்துக்கறேன்," என்றான் தோகுர். "வைக்க வர்றவனை நீங்க பாத்துக்கங்க. பெருங்கூட்டம் வர்றதுக்குள்ள இன்னும் நாலஞ்சு பேர் வருவாங்க. உங்களுக்குத்தான் அடையாளம் தெரியும்."